அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ரீப்ளே: பூத்தா, மைய அறையா, கோச்சின் சேலஞ்சா, ஒன்றுமே வேண்டாமா?

2019 டிசம்பர் 28. அரிசோனாவின் கிளெண்டேலில் ஃபியஸ்டா பௌல் அரையிறுதி. மூன்றாம் கால்பகுதியில் கிளெம்சன் 21, ஒஹையோ ஸ்டேட் 16. கிளெம்சனின் ஜஸ்டின் ராஸ் பந்தைப் பிடித்துச் சில அடிகள் வைத்தபோது ஒஹையோ ஸ்டேட்டின் ஜெஃப் ஒகூடா அதைத் தட்டிப் பறித்தார். தரையில் கிடந்த பந்தை ஜோர்டன் ஃபுல்லர் அள்ளிக்கொண்டு எல்லைக்கோடு வரை ஓடினார். களத்தில் கொடுத்த தீர்ப்பு: பிடித்தார், நழுவவிட்டார், டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி). ரீப்ளேயில், அதாவது வீடியோவில், வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடிப்பே முழுமையாகவில்லை, அது வெறும் தவறிய பாஸ் என்று மாற்றினார்கள். ஒஹையோ ஸ்டேட் 29-23 என்று தோற்றது.

அன்று முதல் ஒஹையோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸ் பக்கத்து நண்பர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று வகை. ‘ரீப்ளேயையே தூக்கிப் போட்டால் என்ன?’ என்பது கோபத்தில் வருவது. ‘என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) போல எங்கோ ஓர் அறையில் நான்கு பேரை உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னால் என்ன?’ என்பது கோபம் ஆறியபின் வருவது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள், ‘டி.ஆர்.எஸ். மாதிரி கேட்கிறவன் கேட்கட்டும், தப்பாகக் கேட்டால் இழக்கட்டும்’ என்கிறார்கள். மூன்றிலும் நியாயம் உண்டு. மூன்றுக்கும் வெளியே தெரியாத விலையும் உண்டு.

## முதலில், இப்போது நடப்பது

கல்லூரி ஃபுட்பாலுக்கு விதிப்புத்தகம் கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. தருவது. ஆனால் நடுவர்களை நியமிப்பதும் தண்டிப்பதும் அந்தந்த கான்ஃபரன்ஸ், அதாவது அணிகள் சேர்ந்திருக்கும் கூட்டமைப்பு. ரீப்ளே அதிகாரியும் அப்படித்தான். 2004இல் பிக் டென் கான்ஃபரன்ஸ் சோதனையாக ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2006இல் அது பொதுவிதி ஆனது, கோச்சின் சேலஞ்சும் அதோடு வந்தது.

ஒவ்வொரு ஆட்டநகர்வையும் பூத்தில், அதாவது மைதானத்திலேயே உள்ள ரீப்ளே அறையில், இருக்கும் அதிகாரி பார்க்கிறார். சந்தேகம் வந்தால் ஆட்டத்தை நிறுத்துவார். ஆனால் அடுத்த ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து நகர்வைத் தொடங்குவது) முன் நிறுத்த வேண்டும், பந்து பின்னால் வந்துவிட்டால் கதவு சாத்தியாயிற்று. அதனால்தான் சந்தேகமான பிடிப்பு ஒன்று கிடைத்ததும் தாக்கும் அணி ஓட்டமாக ஓடிப் போய் வரிசை கட்டுகிறது.

இங்கே பெரும்பாலான சண்டைக்குக் காரணமான ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரீப்ளே அதிகாரியிடம் ‘என்ன நடந்தது?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘களத்தில் சொன்னது தவறு என்பதற்கு மறுக்க முடியாத வீடியோ ஆதாரம் உண்டா?’ என்றுதான் விதி கேட்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். டி.ஆர்.எஸ்.ஸில் ‘அம்பயர்ஸ் கால்’ என்று வரும்போது நாம் பல்லைக் கடிப்போமே, அதே சங்கதி. 2009 நவம்பரில் டஸ்கலூசாவில் எல்.எஸ்.யு.வின் பாட்ரிக் பீட்டர்சன் அலபாமாவின் பாஸை ஓரக்கோட்டருகே பறித்தார். களத்தில் ‘வெளியே’ என்றார்கள். படத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கால் உள்ளேதான் இருந்தது என்றார்கள். ரீப்ளே தீர்ப்பை மாற்றவில்லை, அலபாமா 24-15 என்று வென்றது. களத்தில் நின்ற ஒருவர் அரை நொடியில் ‘உள்ளே’ என்று சொல்லியிருந்தால், அதே படத்தை வைத்து எல்.எஸ்.யு.வுக்கே பந்து போயிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

என் அளவுகோல்கள் ஐந்து.

1. ஊருக்கே தெரிந்த தவறைத் திருத்துகிறதா.
2. எவ்வளவு நேரம் தின்கிறது.
3. இந்த மைதானத்தில் சொன்னதையே அடுத்த மைதானத்திலும் சொல்லுமா.
4. தீர்ப்புச் சொல்பவர் யாருடைய ஆள்.
5. ஏன் அப்படிச் சொன்னார் என்பது தோற்றவனுக்குப் புரியுமா.

எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுக்க எனக்கு மனமில்லை. முதலாவதை எந்த ரீப்ளே முறையும் ஓரளவு நிறைவேற்றிவிடும். நேரத்தைப் பற்றிய புலம்பல் பாதி தொலைக்காட்சி விளம்பரங்களைப் பார்த்து வர வேண்டியது. இரண்டு நிமிடத்துக்குள் முடிக்கப் பாருங்கள் என்று 2020இலேயே விதிக்குழு வழிகாட்டிவிட்டது. ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும் தகராறுகளை எடுத்துப் பாருங்கள்: கடைசி மூன்றில் ஒன்றாவது அவற்றுள் இருக்கும்.

## வழி 1: மைதானத்து பூத்

எதில் நல்லது. ஆட்டம் நடக்கும் இடத்திலேயே ஆள் இருக்கிறார். எந்த நடுவர் எந்தப் பக்கம் நின்றார், விசில் எப்போது ஊதியது என்று அவருக்குத் தெரியும். கேட்க வேண்டியவரிடம் உடனே கேட்கலாம். செலவு குறைவு. சிறிய கான்ஃபரன்ஸ்களுக்கு இதுதான் கட்டுப்படியாகும்.

மறைந்திருக்கும் விலை. ஒரு மனிதரின் தலையில் எல்லாம் விழுகிறது. 2006 செப்டம்பர் 16, யூஜீன் நகரின் ஆட்ஸன் மைதானம். ஓக்லஹோமா 33-27 என்று முன்னால் இருக்க, ஒரு நிமிடம் சொச்சம் மிச்சம். ஓரிகன் ஆன்சைட் கிக் (பந்தைத் தானே மீட்பதற்காக அருகிலேயே உதைப்பது) அடித்தது. உதைத்த அணி, பந்து 10 யார்டு கடக்கும்வரை தொடக்கூடாது. ஓரிகன் வீரர் அதற்கு முன்பே தொட்டது படத்தில் தெரிந்தது. போதாததற்கு, குவியலிலிருந்து பந்தோடு எழுந்து வந்தவர் ஓக்லஹோமா வீரர்! ஆனாலும் பூத்தில் பார்த்தபின் பந்து ஓரிகனுக்கே போனது. ஓரிகன் 34-33 என்று வென்றது. பாக்-10 கான்ஃபரன்ஸ் தவறை ஒப்புக்கொண்டு களக்குழுவையும் ரீப்ளே குழுவையும் ஓர் ஆட்டம் ஒதுக்கிவைத்தது. அந்த ஆட்டத்தையே பதிவேட்டிலிருந்து நீக்குங்கள் என்று ஓக்லஹோமா பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை.

களத்தில் இருந்தவர்களும் பூத்தில் இருந்தவர்களும் பாக்-10 ஆட்கள், வென்றது பாக்-10 அணி. மாமியார் உடைத்தால் மண்குடம் என்று ஓக்லஹோமா ரசிகன் சொன்னால் அவனைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் பாரபட்சம் என்று முடிவுகட்டுவதற்கு முன் இன்னொரு ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். 2016 செப்டம்பர் 10, ஸ்டில்வாட்டர். நேரம் முடிந்தபின் சென்ட்ரல் மிச்சிகனுக்கு ஒரு கூடுதல் ஆட்டநகர்வு கொடுத்தார்கள், விதிப்படி அது கொடுக்கவே கூடாதது. அந்த ஒற்றை நகர்வில் அவர்கள் டச்டவுன் போட்டு 30-27 என்று ஓக்லஹோமா ஸ்டேட்டை வீழ்த்தினார்கள். அங்கே களக்குழு சென்ட்ரல் மிச்சிகனின் மேக் கான்ஃபரன்ஸுடையது, ரீப்ளே குழு பிக் 12 உடையது, அதாவது தோற்ற அணியின் சொந்தக் கான்ஃபரன்ஸ். இரண்டு குழுக்களையும் இரண்டு ஆட்டங்களுக்கு ஒதுக்கினார்கள். விதி நினைவில் இல்லாதபோது எத்தனை கேமரா இருந்து என்ன?

யாருக்கு ஏற்றது. தொலைக்காட்சிக் கேமராக்கள் குறைவாக இருக்கும் ஆட்டங்களுக்கும், மைய அறை கட்ட வசதியில்லாத கான்ஃபரன்ஸ்களுக்கும். கான்ஃபரன்ஸ் தாண்டிய ஆட்டங்களில் மட்டுமாவது பூத்தில் மூன்றாமவர் ஒருவரை உட்காரவைப்பது நல்லது.

## வழி 2: மைய அறை

எதில் நல்லது. 2016இல் எஸ்.இ.சி. என்ற பெரிய கான்ஃபரன்ஸ் பர்மிங்ஹாமில் இருந்தபடியே எல்லா மைதானங்களின் ரீப்ளேயையும் பார்க்க ஆரம்பித்தது. ஏ.சி.சி. கான்ஃபரன்ஸும் அதே பருவத்தில் தலைமையகத்திலிருந்து பார்க்கத் தொடங்கியது. மைதானத்து அதிகாரியோடு அறையில் இருப்பவர்களும் சேர்ந்து பேசி முடிவெடுப்பார்கள். தனி ஆள் பதற்றத்தில் தடுமாறும் ஆபத்து குறைகிறது. காலையில் ஓர் ஆட்டத்தில் பிடிப்பு என்று சொன்னவர்களே மாலையில் இன்னொன்றையும் பார்ப்பதால், ஒரு கான்ஃபரன்ஸுக்குள்ளாவது அளவுகோல் ஒன்றாக இருக்கும்.

ஏ.சி.சி.யின் அவசரத்துக்குத் தனிக் காரணம் உண்டு. 2015 அக்டோபர் 31, டர்ஹாம். டியூக் 27-24 என்று முன்னால். கடைசி சில நொடிகளுக்கான கிக்கை வாங்கிய மியாமி வீரர்கள் பந்தைப் பின்பக்கமாக எட்டு முறை கைமாற்றி, கடைசியில் கார்ன் எல்டர் எல்லைக்கோட்டைக் கடந்தார். நடுவில் ஒரு மியாமி வீரரின் முழங்கால் பந்தை விடுவதற்கு முன்பே தரையைத் தொட்டிருந்தது. சுமார் ஒன்பது நிமிடம் பார்த்தார்கள். பார்த்துவிட்டு டச்டவுன் என்றார்கள். மறுநாள் கான்ஃபரன்ஸே அது தவறு என்று அறிவித்து, களக்குழுவையும் ரீப்ளே அதிகாரியையும் இரண்டு ஆட்டங்களுக்கு ஒதுக்கியது. மியாமியின் 30-27 வெற்றி அப்படியே நிற்கிறது.

மறைந்திருக்கும் விலை. சந்தேகம் ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. முன்பு ‘அந்த ஆள்’ மீது இருந்தது, இப்போது ‘தலைமையகம்’ மீது. தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கு எந்த அணி போனால் கான்ஃபரன்ஸுக்குப் பணம் அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும், கதைக்குக் கரு அதுவே போதும். 2024 செப்டம்பர் 27 அன்று மியாமிக்கு எதிராக வர்ஜீனியா டெக்கின் கடைசி நொடி எறிதலைக் களத்தில் டச்டவுன் என்றார்கள். நிமிடக்கணக்கில் பார்த்து அதை மாற்றினார்கள். மியாமி 38-34. மைய அறை இருந்தும் மறுநாள் பேச்சு 2015இல் இருந்ததைப் போலவேதான் இருந்தது.

இன்னொன்று, ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனக்குத்தானே அறை வைத்துக்கொண்டால் நாடு முழுக்க ஒரே அளவுகோல் வராது. 2025 ஜனவரி 1 பீச் பௌலில் டெக்சாஸும் அரிசோனா ஸ்டேட்டும் 24-24 என்று சமநிலை, ஒரு நிமிடம் சொச்சம் மிச்சம். அரிசோனா ஸ்டேட்டின் பிடிக்கும் வீரரின் தலைக்கவசத்தில் டெக்சாஸ் தடுப்பாளரின் தலைக்கவசம் மோதியது. ரீப்ளேயில் பார்த்து ‘டார்கெட்டிங்’ (தலையைக் குறிவைத்து மோதும் குற்றம்) இல்லை என்றார்கள். டெக்சாஸ் இரண்டாவது கூடுதல் நேரத்தில் 39-31 என்று வென்றது. அரிசோனா ஸ்டேட் சேர்ந்த பிக் 12 கான்ஃபரன்ஸின் ஆணையர் பிரெட் யோர்மார்க், பிளேஆஃப் நடுவர் பணிக்குத் தேசிய அளவுகோல் வேண்டும் என்று அதன்பின் கேட்டார். தன் அணி தோற்றபின் கேட்டது என்றாலும் கேள்வி சரியானது.

யாருக்கு ஏற்றது. பெரிய கான்ஃபரன்ஸ்களுக்கு. பிளேஆஃபுக்கு எந்தக் கான்ஃபரன்ஸையும் சேராத ஒற்றை அறை.

## வழி 3: கோச்சின் சேலஞ்ச் மட்டும்

எதில் நல்லது. எதற்கு நிறுத்துவது என்ற பொறுப்பு அணியின் கையில். இப்போதும் கல்லூரியில் சேலஞ்ச் உண்டு, ஆனால் துணைக்கு மட்டும். என்.எஃப்.எல். போலச் சிவப்புக் கொடி எறிவதெல்லாம் இல்லை. டைம் அவுட் கேட்டு, இதைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். கையில் டைம் அவுட் இல்லாவிட்டால் வாய்ப்பும் இல்லை. கேட்டது தவறானால் டைம் அவுட் போச்சு. சரியானால் இன்னும் ஒருமுறை கேட்கலாம், அத்தோடு சரி. இதையே முழு முறையாக்கினால் தேவையற்ற நிறுத்தங்கள் கணிசமாகக் குறையும்.

மறைந்திருக்கும் விலை. ஓரிகன் சம்பவத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். கடைசி நிமிடத்தில் ஓக்லஹோமாவின் கையில் டைம் அவுட் இல்லையென்று வைத்துக்கொண்டால், மைதானமே பார்த்த தவறை யாரும் பார்க்கக்கூட முடியாது. திருத்தத்தை ஒரு வியூகப் பொருளாக மாற்றும் முறை இது. மேலே பத்துத் திரைகளோடு ஆள் வைத்திருக்கும் பணக்கார அணிக்கும், மைதானத்துப் பெரிய திரையை அண்ணாந்து பார்க்கும் வருகை அணிக்கும் இதில் சம வாய்ப்பு கிடையாது. உள்ளூர் அணிக்குப் பாதகமான காட்சியைப் பெரிய திரையில் ஓட்டுவதில் அவ்வளவு அவசரம் இருக்காது என்பதை அமெரிக்க மைதானத்துக்குப் போனவர்கள் அறிவார்கள்.

கிரிக்கெட் நண்பர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 2008இல் இலங்கையில் இந்திய அணி ஆடிய தொடரில்தான் டி.ஆர்.எஸ். முதலில் சோதிக்கப்பட்டது. அந்த அனுபவத்தில் சூடுபட்ட நம் வாரியம் 2016 வரை அதைத் தள்ளியே வைத்திருந்தது. கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் சேலஞ்ச் லாபம்.

யாருக்கு ஏற்றது. தனி முறையாக யாருக்கும் வேண்டாம். பூத்துக்கோ மைய அறைக்கோ துணையாக இப்போதுள்ளபடியே இருக்கட்டும்.

## வழி 4: கைவிடுவது

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. என்.எஃப்.எல். 1986இல் ரீப்ளே கொண்டுவந்து, 1992இல் கைவிட்டது. ஆட்டம் ஓடியது, இரைச்சல் குறைந்தது. 1998 டிசம்பரில் நியூயார்க் ஜெட்ஸின் வின்னி டெஸ்டவெர்டே எல்லைக்கோட்டருகே விழுந்தார். கோட்டைத் தாண்டியது அவருடைய தலைக்கவசம், பந்து அல்ல. டச்டவுன் என்று கை தூக்கினார்கள், சியாட்டில் 32-31 என்று தோற்றது. 1999இல் ரீப்ளே திரும்ப வந்துவிட்டது.

கல்லூரியிலும் பழைய காயம் ஒன்று உண்டு. 1990 அக்டோபர் 6 அன்று மிசௌரிக்கு எதிராக கொலராடோவுக்கு நான்குக்குப் பதில் ஐந்து முயற்சி கொடுத்துவிட்டார்கள், ஐந்தாவதில் டச்டவுன் போட்டு 33-31 என்று வென்றது. இன்றைய விதியில் எத்தனையாவது முயற்சி என்பதை ரீப்ளே திருத்தலாம். கைவிடச் சொல்பவர்கள் இப்படி ஒரு தோல்வியைத் தங்கள் அணிக்கு ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்த்தால் பேச்சு நின்றுவிடுகிறது. வீட்டில் உட்கார்ந்திருப்பவன் கைப்பேசியில் பார்க்கும் தவறைக் களத்தில் உள்ளவர் மட்டும் பார்க்கக்கூடாது என்பது இனிச் செல்லாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பூத் | மைய அறை | சேலஞ்ச் மட்டும் | கைவிடுவது |
|---|---|---|---|---|
| பெரிய தவறு திருந்துமா | பெரும்பாலும் | பெரும்பாலும் | டைம் அவுட் இருந்தால் | இல்லை |
| நேரம் | ஆளைப் பொறுத்தது | சற்று நீளும் அபாயம் | குறைவு | இல்லவே இல்லை |
| ஒரே அளவுகோல் | கடினம் | கான்ஃபரன்ஸுக்குள் உண்டு | கடினம் | பேச்சே இல்லை |
| யாருடைய ஆள் | கான்ஃபரன்ஸ் ஆள் | தலைமையகம் | பார்ப்பவர் கான்ஃபரன்ஸ் ஆளே | களநடுவர் |
| காரணம் தெரியுமா | அரிது | ஒலியைத் திறந்தால் தெரியும் | அரிது | தெரியாது |

## எதையெல்லாம் பார்ப்பது

யார் பார்ப்பது என்பதில் இத்தனை சண்டை போடுகிறோம், எதைப் பார்ப்பது என்பதை மறந்துவிடுகிறோம். பந்து கோட்டைத் தாண்டியதா, முழங்கால் தொட்டதா என்பது கண்ணால் காணும் விஷயம். இடித்தானா, இழுத்தானா, வேண்டுமென்றே மோதினானா என்பது மனதால் எடைபோடும் விஷயம். இரண்டாவதை ரீப்ளேக்குள் இழுக்க இழுக்கத் தகராறு கூடும் என்பது என் அனுமானம், அதற்குச் சாட்சியும் இருக்கிறது. ராம்ஸ் - செயின்ட்ஸ் ஆட்டத்தில் விட்டுப்போன ஓர் இடையூறுக்காக 2019இல் என்.எஃப்.எல். பாஸ் இடையூற்றையும் (பாஸைப் பிடிக்க வருபவரை இடித்துத் தடுப்பது) ரீப்ளேக்குள் கொண்டுவந்தது. ஒரே பருவத்தில் அதைக் கைவிட்டது.

கல்லூரியில் டார்கெட்டிங் விதி அதே பாதையில் தட்டுத்தடுமாறியது. 2013இல் வெளியேற்றத் தண்டனை வந்தபோது, ரீப்ளே ‘இல்லை’ என்று சொன்னாலும் 15 யார்டு தண்டனை மட்டும் நிற்கும் என்ற விசித்திரம் இருந்தது. மறு ஆண்டே அதைத் திருத்தினார்கள். 2019 முதல், முழுதாக உறுதிப்பட்டால் மட்டுமே வெளியேற்றம் என்றாயிற்று. பிள்ளைகளின் தலையைக் காக்கும் விதி என்பதால் இந்த ஒன்றை மட்டும் ரீப்ளேயில் வைத்திருக்க ஒப்புக்கொள்வேன். அதற்குமேல் விரிக்க வேண்டாம்.

விரிக்காவிட்டாலும் நிம்மதி கிடையாது என்பது 2024 அக்டோபர் 19 அன்று ஆஸ்டினில் தெரிந்தது. டெக்சாஸ் பறித்த பாஸ் ஒன்றை, பாஸ் இடையூறு என்று சொல்லி ரத்து செய்தார்கள். பெரிய திரையில் காட்சி ஓட, பாட்டில்கள் மைதானத்துக்குள் பறந்தன. குப்பையை அள்ளும் நேரத்தில் நடுவர்கள் கூடிப் பேசித் தண்டனையை விலக்கிக்கொண்டார்கள். பாஸ் இடையூறு ரீப்ளேக்குள் வராது. அப்படியானால் மாற்றியது எது, பாட்டிலா, திரையா? எஸ்.இ.சி. டெக்சாஸுக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டது. ஆட்டத்தை ஜார்ஜியாதான் 30-15 என்று வென்றது, ஆகவே அந்தக் கேள்வி அதிகம் துரத்தப்படவில்லை.

கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். 2016 நவம்பர் 26 அன்று இரண்டாவது கூடுதல் நேரத்தில், நான்காவது முயற்சியில் ஒரு யார்டு தேவை என்ற நிலையில் ஒஹையோ ஸ்டேட்டின் ஜே.டி. பாரெட் கோட்டை எட்டினாரா என்பதை மிச்சிகன்காரர்கள் இன்றும் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். பார்த்தும் களத் தீர்ப்பே நின்றது, ஒஹையோ ஸ்டேட் 30-27. உடல்களுக்குள் புதைந்த பந்தை எந்த அறையில் உட்கார்ந்து பார்த்தாலும் புதைந்த பந்துதான்.

## என் தேர்வு

பெரிய கான்ஃபரன்ஸ் என்றால் மைய அறை, சிறியது என்றால் பூத், இரண்டிலும் கோச்சுக்கு இப்போதுள்ள அளவு சேலஞ்ச், பார்க்கும் பட்டியலை நீட்டாமல் வைப்பது. ஆனால் மைய அறைக்கு நான் ஒரு நிபந்தனை வைப்பேன்: ஒலியைத் திறந்துவிட வேண்டும். 2025 பருவத்தில் ஏ.சி.சி. இதைத் தொடங்கியது. ரீப்ளே நடக்கும்போது பூத்துக்கும் மைய அறைக்கும் நடக்கும் பேச்சைத் தொலைக்காட்சிப் பார்வையாளர் நேரடியாகவே கேட்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், அதே 2025இல் விதிக்குழு எதிர்த்திசையிலும் ஓரடி வைத்தது. அதுவரை களத் தீர்ப்பு மாறாவிட்டால் இரண்டு சொற்களில் ஒன்றைச் சொல்வார்கள்: சரியென்று படமே காட்டினால் ‘கன்ஃபர்ம்ட்’, மாற்றப் போதிய ஆதாரம் இல்லையென்றால் ‘ஸ்டாண்ட்ஸ்’. இப்போது இரண்டுக்கும் சேர்த்து ‘அப்ஹெல்ட்’ என்ற ஒற்றைச் சொல். கேட்க எளிமைதான். ஆனால் ‘களத்தில் சொன்னது சரி’ என்பதற்கும் ‘எங்களுக்குத் தெரியவில்லை’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் தோற்றவனுக்குத் தேவைப்படுகிறது. அதை நடுவரின் வாயிலிருந்து எடுத்துவிட்டால், திறந்த ஒலி ஒன்றுதான் மிச்சம்.

டர்ஹாமில் அந்த ஒன்பது நிமிடமும் டியூக் ரசிகர்கள் ஊமைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒலி திறந்திருந்தால் ஸ்கோர் மாறியிருக்குமா, சொல்ல முடியாது. அந்த முழங்காலை நிறுத்திக் காட்டு என்று அறையில் யாராவது கேட்டார்களா என்பதையாவது அவர்கள் அன்றே காதால் கேட்டிருப்பார்கள்.